உயிரோடு இருந்தவருக்கு அஞ்சலி

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால், இறந்துபோனார் என்று வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டார்கள். ‘தவறிட்டாருங்க’ என்பார்கள். ‘போயிட்டாருங்க’ என்பார்கள். நெருங்கிய சொந்தமென்றால், ‘அவரு இல்லீங்க’ என்பதோடு நிறுத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நான் மொரப்பூரில் தையல் கடை வைத்திருப்பவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கட்சிப் படிப்பகத்திலும், கடைக்கு வந்து உட்கார்ந்து பேசுகிறவர்கள் வாயிலும்தான். யார் நல்லதாக ஒரு சொல் சொன்னாலும் பிடித்து வைத்துக்கொள்வேன். ஆனால் இந்த ‘இல்லீங்க’வை மட்டும் ஃபோனில் யாராவது சொன்னால் இன்றைக்கும் முதுகில் ஏதோ ஊர்கிறது.

தேர்தலில் நாங்கள் தோற்ற வருஷம் அது. எங்கள் வட்டச் செயலாளரே வேட்பாளராக நின்றார். டெபாசிட் போனது. முடிவு வந்த மறுநாள் அரூர் அலுவலகத்துக்குப் போனேன். நாற்காலிகள் யாரோ அவசரமாக எழுந்து ஓடியதுபோல் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கிடந்தன. எதிர்ச் சுவரில் எங்கள் சின்னத்தைச் சுண்ணாம்பு அடித்து மறைக்க ஆரம்பித்து, பாதியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளைக்கு அடியிலிருந்து சிவப்பு ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது. டீக்கடைக்காரர் கண்ணாடிக் கிளாஸை நீட்டியபடி கேட்டார்.

“என்னங்க தோழர், காரியமெல்லாம் முடிஞ்சுதுங்களா?”

அவர் கேலிக்குத்தான் கேட்டார். நான் கிளாஸைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

செயலாளர் விலகிக்கொண்டார். புதியவரைத் தேர்ந்தெடுக்கச் சிறப்புப் பேரவை கூட்டச் சொல்லி மாவட்டத்திலிருந்து தகவல் வந்தது. ஒரு பக்கம் வக்கீல் தோழர். நன்றாகப் பேசுவார், பேசி முடிக்க மாட்டார். இன்னொரு பக்கம் சர்க்கரை ஆலைத் தொழிற்சங்கத் தோழர். பேசவே மாட்டார், முறைப்பார். கட்சி இந்த இருவருக்கும் நடுவில் இரண்டாகக் கிழிந்து நின்றது. நான் தைத்துக் கொடுத்த கொடிகூட அப்படிக் கிழிந்ததில்லை.

மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. சித்தேரி மலைக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து காட்டுப்பாதையில் ஏறிப் போகவேண்டிய ஒரு சிற்றூர் அவருக்கு. சாமையும் ராகியும் விதைப்பார், பருவத்தில் புளி உலுக்குவார். மலையில் எங்கள் கொடியை முதலில் நட்டவர். அவர் ஊருக்கு ரோடு கிடையாது. யாருக்காவது முடியாமல் போனால் வேட்டியை மூங்கிலில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அவர் அண்ணனை அப்படித் தூக்கி வரும்போது பாதிவழியில் தூளி திடீரெனக் கனத்துப் போனதாம். அதை அவர் என்னிடம் சொன்னது ஒருமுறைதான், பஸ்ஸில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார்.

“மலைக்காரன் ஒருத்தன் செயலாளரா வந்தாத்தாங்க தோழர், அந்த ரோடு முதல் தீர்மானமா வரும். இல்லைன்னா எப்பவும் போல கடைசித் தீர்மானந்தான். எல்லாரும் பஸ்ஸுக்கு எந்திரிச்சு ஓடறப்ப படிப்பாங்க பாருங்க, அது.” கொஞ்ச நேரம் கழித்து, “இந்தத் தடவையும் நம்ம பேர யாரும் சொல்லலீன்னா எங்கூருல கொடிய எறக்கிப்புடுவாங்க. எம் பங்காளிங்களே சொல்றானுங்க, செத்த கட்சிக்கு எதுக்குய்யா கம்பம்னு.”

பேரவை அன்று காலை, அலுவலகத்தில் பழைய செயலாளரும் வக்கீலும் நானும் இருந்தோம். மலைக் கிளையிலிருந்து யார் வருகிறார்கள் என்று கேட்க வக்கீல் மலைத் தோழர் வீட்டுக்கு ஃபோன் போட்டார். அந்த ஊரில் சிக்னல் விழுவது கூரையோரம் ஒரே ஓர் இடத்தில். அங்கே ஒரு துணிப்பையில் ஃபோனைப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒலிபெருக்கியில் வைத்ததால் மூன்று பேருக்கும் கேட்டது. பெண் குரல். காற்று இரைச்சலுக்கு நடுவே தூரத்தில் கேட்டது.

“தோழர் இருக்காருங்களா?”

“இல்லீங்க.”

“இல்லீங்களா?”

“விடியக்காலமே போயிட்டாருங்க.”

வக்கீலின் முகம் மாறிற்று. “என்னங்கம்மா சொல்றீங்க… எப்படிங்க?”

“ஒண்டியாத்தான் போனாரு. நாங்கூட எந்திரிக்கல…”

அதோடு அறுந்தது. திரும்பப் போட்டால், தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று பதிவு செய்த அந்தக் குரல் மரியாதையாகச் சொன்னது. மறுபடியும் போட்டோம். அப்பால் இருக்கிறார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிரசாரத்தின்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே சாய்ந்தவர், தர்மபுரி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர். சந்தேகப்பட ஒன்றுமில்லை. பழைய செயலாளர் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார்.

பிறகு எல்லாம் தன்னால் நடந்தது. கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் அவர் படம் கறுப்புக் கட்டத்தோடு போயிற்று. ஃபிளெக்ஸ் கடையில் ‘செவ்வஞ்சலி’ என்று ஒரு பேனர் அடித்து மண்டப வாசலில் கட்டினார்கள். பிரசாரத்தில் எடுத்த படம், கையை உயர்த்திச் சிரிப்பார். ஏற்றிய கொடியைப் பாதிக்கு இறக்கினார்கள்.

கூட்டம் நடந்தது சின்னக் கல்யாண மண்டபம். மேடையில் மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்குமான இரண்டு பெரிய நாற்காலிகளை வெள்ளைத் துணி போட்டு மூடி ஓரமாக வைத்திருந்தார்கள். பார்க்கும்போதெல்லாம் யாரோ இருவர் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பதுபோலவே பட்டது. அஞ்சலித் தீர்மானத்தைப் பழைய செயலாளர் படித்தார். மறைந்த தோழர்களின் பெயர்களில் கடைசிப் பெயர் மலைத் தோழருடையது. எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம்.

நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில். தலை குனிந்து கண்ணை மூடியிருந்தேன். மின்விசிறி கரகரத்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். என் இடது தோளுக்கு அருகில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். மேடு ஏறி வந்தவர் மூச்சை அடக்கிக்கொள்வது போல. விறகுப் புகையும் புதுப்புளியும் கலந்த வாசனை. கண்ணைத் திறந்தேன். தரையைத்தான் பார்த்தேன். ஈரமான இரண்டு வெறுங்கால்கள். விரலிடுக்கில் செம்மண்.

அந்தக் கால்களை எனக்குத் தெரியும்.

பேய் பிசாசு எல்லாம் கிடையாது என்று தெருமுனையில் மைக் பிடித்துப் பேசியவன் நான். என் கழுத்து திரும்பவில்லை. ஓரக்கண்ணுக்குத் தெரிந்தவரை, அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எங்களைப் போலவே தலை குனிந்து நின்றார். பிறகு என் காதோரம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“யாருங்க தோழர் தவறிட்டாங்க?”



விஷயம் இவ்வளவுதான். பஸ்ஸைத் தவறவிட்டு, புளி மூட்டை ஏற்றிய ஜீப்பில் தொற்றி வந்திருக்கிறார். சாலையிலிருந்தே கொடி பாதியில் நிற்பதைப் பார்த்து யாருக்கோ என்னவோ என்று பதறி, சமையல்கட்டுப் பக்கக் குழாயில் கால் கழுவிக்கொண்டு பின்வாசலால் உள்ளே வந்திருக்கிறார். வாசல் பேனரைப் பார்க்கவில்லை. தனக்கே மௌனம் அனுசரித்து முடித்துவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கால்கள்தான்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பழைய செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

“சித்தேரி மலையிலிருந்து செங்கொடி பிடிச்சு வந்த தோழர் இன்னிக்கு நம்மகூட இல்ல…”

என் பக்கத்திலிருந்த மூச்சுச் சத்தம் நின்றது. நான் ஒருவழியாகத் திரும்பிப் பார்த்தேன். உயிருள்ள முகம். வியர்வை வழிந்துகொண்டிருந்தது. எழுந்து கத்தப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினார்.

“சும்மா இருங்க. பேசட்டும்.”

தூணுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். முன்னால் இருந்த ஒருவரும் திரும்பவில்லை. வெளிச்சம் முழுக்க மேடையில். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாவு வீட்டில் பிணத்தோடு சேர்ந்து ஒப்பாரி கேட்பதுபோல இருந்தது. அவர் முகம் எதையும் காட்டவில்லை. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

வக்கீல் பேசினார். “அவர் மாதிரி ஒரு தலைவர் இந்த வட்டத்துக்கே கிடையாது.” ஆலைத் தோழர், பேசாதவர், அவரும் எழுந்தார். “வக்கீல் இப்பத்தான் சொல்றாரு. நாங்க எப்பவோ நெனச்சோம். அவருதான் செயலாளரா வந்திருக்கணும்.” வக்கீல் விடவில்லை. “நெனச்சது நீங்க, முன்மொழிய இருந்தது நான்!” போட்டி ஏறிக்கொண்டே போயிற்று. இல்லாதவருக்கு எதைக் கொடுத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லையே. கடைசியில் பழைய செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னிக்கு அவர் மட்டும் இருந்திருந்தா ஒரே குரல்ல அவரைத்தான் தேர்ந்தெடுத்திருப்போம். உண்டா இல்லையா தோழர்களே?” என்றார்.

“உண்டு!” என்றது மண்டபம்.

என் பக்கத்திலிருந்தவர் எழுந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார்.

“அப்ப நான் ஒத்துக்கறனுங்க தோழர்.”

அப்படி ஒரு அமைதியை நான் வேறெங்கும் கேட்டதில்லை. சற்றுமுன் நின்ற மௌனம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. யாரோ ஒரு பெண் வீலென்று கத்தினாள். ஒரு நாற்காலி விழுந்தது. முன்வரிசையில் இருந்த எழுபது வயது நாத்திகர் நெஞ்சில் கைவைத்து எந்தச் சாமியையோ கூப்பிட்டார். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றும் மாதர் சங்கத் தோழி ஒருத்திதான் நேராக நடந்து வந்து அவர் புறங்கையைக் கிள்ளிப் பார்த்தாள்.

“சூடு இருக்குதுங்க,” என்று மண்டபத்துக்குச் சொன்னாள்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்ன நடந்தது என்று விளங்கியபிறகும் ஒருவரும் அவரைத் தொட்டுப் பேசவில்லை. வக்கீல் ஏதோ சொல்லவந்தார். “அது உணர்ச்சியில…”

“பேசுனது பேசுனதுதான்,” என்றார் ஆலைத் தோழர், வக்கீலை மடக்கிவிட்ட சந்தோஷத்தில்.

வாக்கெடுப்பு நடந்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. உயர்ந்த கைகளுக்குக் கீழே இருந்த கண்கள் ஒன்றும் அவரைப் பார்க்கவில்லை. சுடுகாட்டில் கடைசி வணக்கம் வைக்கிறபோது உயர்த்துவோமே, அப்படித்தான் இருந்தது அது. அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சாப்பாட்டுப் பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் இலை போட்டிருந்தும் யாரும் உட்காரவில்லை. கடைசியில் நான் போய் உட்கார்ந்தேன். சாம்பார் வாளியோடு வந்தவர் எனக்கு ஊற்றிவிட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டார். வேண்டுமென்று இல்லை. கை தன்னால் தாண்டிவிட்டது.

“எனக்கும் ஊத்துங்க தம்பி. பசிக்குது,” என்றார் மலைத் தோழர். அவர் குரல் முதல்முறையாக உடைந்தது.

குழுவில் போன படம் அவருக்கு முன்னாலேயே மலைக்குப் போய்விட்டிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே கிளம்பினேன். வாசல் பேனரைப் பார்த்து நின்றார். தன் சிரிப்பைத் தானே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “காசு குடுத்து அடிச்சதுதானுங்களே. ராகிப் போருக்கு மேல போத்தலாம்.”

சித்தேரியில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. காட்டுப்பாதையில் அவர் முன்னால், நான் பின்னால். பறவைச் சத்தம்கூட இல்லை. ஒரு திருப்பத்தில் மேலேயிருந்து ஆட்கள் இறங்கிவந்தார்கள். தோளில் மூங்கில். மூங்கிலில் வெறும் வேட்டித் தூளி, நடைக்கு நடை ஆடிக்கொண்டு.

அவர்கள் நின்றார்கள். நாங்களும் நின்றோம். நடுவில் ஒரு கல்லெறி தூரம். முன்னால் பிடித்திருந்த பங்காளி மூங்கிலைக் கீழே விடவும் இல்லை, மேலே வைத்திருக்கவும் முடியவில்லை. தூளி ஒரு பக்கமாகச் சரிந்தது.

“உன்னத் தூக்கியாரத்தான் போறம்,” என்றான்.

“நடந்தே வந்துட்டன்,” என்றார் இவர்.

பக்கத்தில் வந்து தொட்டுப் பார்த்தபிறகும் அவர்கள் தெளியவில்லை. தூளியை வெறுமனே ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது என்று வயசானவர் ஒருவர் ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் அந்த பேனரை அதில் போட்டார்கள். அவர் சிரிக்கும் முகத்தைத் தூளியில் தூக்கிக்கொண்டு அவர்கள் முன்னால் ஏற, அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் பின்னால் நடந்துபோனார். அண்ணன் போன இடம் எது என்று நான் கேட்கவில்லை. ஓர் இடத்தில் அவர் நடை தயங்கியது. அதுவாகத்தான் இருக்கும்.

அவர் வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். நடுவில் அவர் மனைவி, அழாமல், இரண்டு கையையும் மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் அழுகை நின்று, பெண்கள் அப்படியே பின்னுக்கு நகர்ந்தார்கள். அந்த அம்மா மட்டும் நகரவில்லை.

“நீங்க ஃபோன்ல இல்லீங்கன்னு சொன்னீங்களே,” என்றேன்.

“ஆமா. வூட்டுல இல்லீங்கன்னு சொன்னன். அதுல என்னா தப்பு?” அப்போதுதான் அந்த அம்மாவுக்குப் புரிந்தது. சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், அப்படியே அழுதார்.

ராகிக் களி கிண்டிப் போட்டார். சாப்பிடும்போது மலைத் தோழர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார், செயலாளராகிவிட்டதை.

“யாரு கைத் தூக்குனா?”

“எல்லாருந்தான்.”

“அந்த வக்கீலுமா?”

“அவருந்தான்.”

அந்த அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்தார். “அது உனக்குத் தூக்குன கையில்ல. பொணத்துக்குத் தூக்குனது. அத வெச்சிக்கிட்டு அங்க போயி உக்காந்தீன்னா யாரும் உன்கிட்ட பேசக்கூட மாட்டானுங்க. பேசுனாலும், இன்னிக்கு முழுக்க எங்கிட்ட இவளுங்க பேசுனாங்களே, அப்படி எழவு வூட்டுல பேசற மாதிரியேதான் பேசுவாங்க.”

“விட்டுட்டா ரோடு போயிரும்டி.”

“போனாப் போவுது. உசுரோட போயிக் கேளு. குடுத்தாக் குடுக்கறாங்க.”

அவர் களியை உருட்டிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். அந்தப் பதவிக்கு எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். அடுத்த முறை கேட்டால் கிடைக்காமல் போகலாம் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அதே மண்டபம். அவர்தான் கூட்டச் சொல்லியிருந்தார். மேடையேறி, “போன தடவ எடுத்த ஓட்டு செல்லாதுங்க. அன்னிக்கு நான் உங்களுக்கு உசுரோட இல்ல. இன்னிக்கு இருக்கறன். என்னைய வேண்டாம்னு நெனைக்கிறவங்க கையக் கீழ வெச்சிருங்க. யாரு முகத்துக்காகவும் தூக்காதீங்க,” என்றார். வக்கீலையும் போட்டியிடச் சொன்னார்.

வக்கீல் நின்றார். யோசிக்கவே இல்லை.

கைகள் உயர்ந்தன. ஒன்று இங்கே, இரண்டு அங்கே, ஒரு இடைவெளி. பால்காரத் தோழி எழுந்து நின்று எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள். ஆலைத் தோழரின் ஆட்களில் சிலர் மடக்கிய கையை மடக்கியபடியே வைத்திருந்தார்கள். ஆலைத் தோழரே கடைசியில், முறைத்துக்கொண்டே, பாதிக் கையைத் தூக்கினார். மயிரிழைதான். வென்றது மலைத் தோழர்.

அவர் உயர்ந்த கைகளைப் பார்க்கவில்லை. கீழே இருந்த கைகளைத்தான் பார்த்தார். அந்த முகங்கள் எல்லாம் நேராக அவர் கண்ணைப் பார்த்தன, கோபமாக. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டார். முதல் தீர்மானமாக ரோட்டை எழுதச் சொன்னார். பிறகு, “கையத் தூக்காத தோழருங்க ஏன் தூக்கலைன்னு சொல்லிட்டா நல்லா இருக்கும்,” என்றார்.

வக்கீலுக்குச் சொல்லவா வேண்டும். எழுந்தார். சுற்றறிக்கை எதையும் இவர் படிப்பதில்லை. புளி உலுக்கும் காலத்தில் கட்சியே இவருக்கு ஞாபகம் வருவதில்லை. மேல்கமிட்டியில் பேசத் தெரியாது. அவசரத்துக்கு ஃபோன் போட்டால் கூரையிலிருந்து யாரோ பேசுகிறார்கள். மண்டபம் சிரித்தது. போன வாரம் வராத சிரிப்பு. ஒவ்வொரு குற்றத்துக்கும் புதுச் செயலாளர் தலையாட்டினார். முகத்தில் ரத்தம் ஊறி ஊறி வந்தது. பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் தட்டி ஏதோ கிண்டல் சொன்னார்.

தண்ணீர் குடிக்க வக்கீல் ஒரு நிமிஷம் நிறுத்தினார். அதற்குள் செயலாளர் முன்னால் குனிந்து, விரலை உயர்த்தினார்.

“தோழர், சாமை அறுப்புக்குன்னு நான் மாசக் கூட்டத்துக்கு வராம இருந்தனே, அத விட்டுட்டீங்க. அதையும் சொல்லுங்க.”